பழைய பேண்ட்சா: எந்தப் பாகத்தை நாமே செய்யலாம்?

துவாஸில் தொழிற்கூடங்கள் இடம் மாறுவது புதிதல்ல. குத்தகை முடிந்து வெளியேறுவார்கள். புது இயந்திரம் வாங்கிப் பழையதைக் கழிப்பார்கள். எல்லை தாண்டி ஜோகூருக்குப் போவோரும் உண்டு. காலி செய்யும் நாளில் ஓரமாக இறக்கி வைத்த பழைய பேண்ட்சாவைப் பழைய இரும்பு வியாபாரி எடைக்கு எடுத்துக்கொள்வார். அவருக்கு முன்னால் மரவேலையில் ஆர்வமுள்ள ஒருவர் பார்த்துவிட்டால், அது ஒரு வேனில் ஏறி வேறு மூலைக்குப் போய்ச் சேரும். நண்பரின் தொழிற்கூடத்து மூலை, தரைவீட்டின் பின்கட்டு, அல்லது ஊருக்குத் திரும்பிப் பட்டறை போட நினைப்பவரின் கனவு. வீவக வீட்டில் மட்டும் இதற்கு இடமில்லை. சத்தத்தையும் தூசியையும் பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் அப்படி ஒன்றை எடுத்து வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டயர் வெடித்திருக்கிறது, ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது, வெட்டு நேராக வரவில்லை. புதுப் பாகங்கள் வாங்கலாம், ஆனால் பழைய மாடலுக்குக் கிடைப்பது அரிது. பல பாகங்களை வீட்டிலேயே செய்துவிடலாம். சிலவற்றைச் செய்யவே கூடாது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் இந்த வாரப் பாடம்.

முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்வோம். பேண்ட்சா என்பது முடிவில்லாத ரம்பம். மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஓடும் மெல்லிய எஃகு பிளேடு. கீழ்ச் சக்கரத்தை மோட்டார் சுழற்றுகிறது, மேல் சக்கரம் பிளேடை இழுத்துப் பிடிக்கிறது. பிளேடு எப்போதும் கீழ்நோக்கியே வெட்டுவதால் மரத்தை மேசையோடு அழுத்துகிறது. வட்ட ரம்பத்தைப் போல மரத்தைத் திருப்பி உங்கள்மீது எறிவதில்லை. அதனாலேயே பலர் இதைச் சாதுவான இயந்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். விரலைப் பொறுத்தவரை இதில் சாது எதுவும் இல்லை.

யோசனை பழையது. இங்கிலாந்தின் வில்லியம் நியூபெரி 1809 வாக்கில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஓட்ட முடியவில்லை. பிளேடின் இரு முனைகளையும் சேர்த்த இடம் அறுந்துகொண்டே இருந்தது. 1846இல் ஆன் போலின் கிரெப்பின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி முனைகளை உறுதியாக இணைக்கும் முறையைக் கண்டுபிடித்து, அந்த உரிமையைப் பாரிஸின் பெரின் நிறுவனத்துக்கு விற்றார். அந்நிறுவனம் நல்ல எஃகையும் பதப்படுத்தும் முறையையும் அதோடு சேர்த்தபோதுதான் இன்று நாம் அறிந்த பேண்ட்சா பிறந்தது. சக்கரமும் சட்டமும் செய்ய ஆள் இருந்தும், ஓர் அங்குலப் பொருத்துக்காக இந்த இயந்திரம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது.

ஏன் அறுந்தது? கணக்குப் போட்டால் தெரியும். சிறு பட்டறைகளில் அதிகம் காணப்படுவது 14 அங்குலச் சக்கரம் கொண்ட வார்ப்பிரும்பு இயந்திரம். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 1930களில் கொண்டுவந்த வடிவம். பிறகு தைவான் தொழிற்சாலைகள் அதையே அச்சு அசலாகச் செய்து உலகெங்கும் அனுப்பின. அதில் பிளேடின் நீளம் சுமார் 2,375 மி.மீ. நிமிடத்துக்கு 856 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதே பிளேடு நிமிடத்துக்கு 360 முறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரங்களில் வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 43,000 முறைக்கு மேல். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதே வேலைதான் அங்கே நடக்கிறது.

பிளேடின் கனம் கூடக்கூட இந்த வளைவுச் சுமையும் கூடும். 0.6 மி.மீ. கனமுள்ள பிளேடு 355 மி.மீ. சக்கரத்தில் வளையும்போது அதன் மேற்பரப்பில் உண்டாகும் தகைவு சதுர மி.மீட்டருக்குச் சுமார் 340 நியூட்டன். வெட்டுவதற்காக நாம் கொடுக்கும் இழுவிசையால் வருவதைவிட இது மூன்று மடங்குக்கும் மேல்! ‘பிளேடின் கனம் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது’ என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான். 14 அங்குலச் சக்கரத்துக்கு அது 0.35 மி.மீ. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 0.5 அல்லது 0.6. ஓடும், ஆனால் ஆயுள் குறையும்.

இப்போது பிரித்தறியும் முறைக்கு வருவோம். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஓடும்போது இது உடைந்தால் என்ன ஆகும்? ‘வெட்டு கோணலாகும்’, ‘பிளேடு சக்கரத்தைவிட்டு நழுவி மூடிக்குள் நிற்கும்’ என்பது பதிலானால் தாராளமாக நீங்களே செய்யலாம். ‘என் கை இருக்கும் இடத்துக்கு ஏதோ வந்து சேரும்’ என்பது பதிலானால் வாங்குங்கள்.

சைக்கிள் டியூப் டயர்

முதலில் டயர். சக்கர விளிம்பில் ஒட்டியிருக்கும் ரப்பர் வளையத்தைத்தான் சொல்கிறேன். வயதானால் வெடித்து, இறுகி, மரத்தூள் ஒட்டி மேடுபள்ளமாகிவிடும். பிளேடு முன்னும் பின்னும் அலைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆனால் புது ஆட்கள் இதைத் தொடாமல் மோட்டாரை மாற்றப் போவார்கள்.

கனடாவைச் சேர்ந்த பொறியாளர் மத்தியாஸ் வாண்டல், சக்கரம் உட்பட முழு பேண்ட்சாவையும் மரத்தால் செய்து காட்டியவர். அவர் டயருக்குப் பயன்படுத்தியது சைக்கிள் டியூப். நீங்களும் அப்படியே செய்யலாம். சிறுவர் சைக்கிளின் சிறிய டியூப் ஒன்றை எடுத்து, வால்வு இருக்கும் உட்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சும் வளையத்தைச் சக்கரத்தின்மேல் இழுத்துப் போடுங்கள். இழுப்பே அதைப் பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பரையும் பசையையும் முழுவதும் சுரண்டிய பிறகே போடவேண்டும்.

சக்கர விளிம்பு தட்டையாக இருக்காது, நடுவில் இலேசாக உப்பியிருக்கும். இது ஏன் என்று கேட்டால் பலர் தவறாகவே சொல்வார்கள். மேட்டில் வைத்த பொருள் பள்ளத்துக்குச் சரியவேண்டும் அல்லவா? பிளேடு நேர்மாறாக மேட்டில் ஏறி நிற்கிறது. கச்சாங் பூத்தே விற்பவர் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை தருவாரே, அதுபோல் ஒரு கூம்பு செய்துகொள்ளுங்கள். நேராக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை அதன்மேல் குறுக்காக வைத்து, எங்கும் மடிப்பு விழாமல் படியவிட்டுச் சுற்றுங்கள். பட்டை தானாகவே கூம்பின் அகன்ற பக்கம் ஏறிப் போகும். உப்பிய சக்கரம் என்பது அகன்ற பக்கங்கள் சேரும்படி வைத்த இரண்டு கூம்புகள்தான். எந்தப் பக்கம் நழுவினாலும் பிளேடு மீண்டும் நடுவுக்கு வந்துவிடுகிறது.

அரை மில்லிமீட்டர் உப்பல் இருந்தால் போதும். வார்ப்புச் சக்கரத்திலேயே அது இருந்தால் டியூப் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் மரக்கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி இரு ஓரங்களையும் தேயுங்கள். மோட்டாரை ஓடவிட்டுத் தேய்த்தால் சீக்கிரம் முடியும் என்பார்கள். மூடி திறந்த இயந்திரத்தை ஓடவிடும் அவசரம் யாருக்கும் இல்லை.

டயர் போட்ட கையோடு சக்கரச் சமநிலையையும் பாருங்கள். பிளேடும் பெல்ட்டும் இல்லாமல் சக்கரத்தைச் சுழற்றிவிட்டால், எடை கூடிய பக்கம் ஒவ்வொரு முறையும் கீழே வந்து நிற்கும். விளிம்பில் 10 கிராம் அதிகம் இருந்தாலே, நிமிடத்துக்கு 768 சுற்று ஓடும்போது அது ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு சக்கரத்தை உதறும். எதிர்ப்பக்கத்து உள்விளிம்பில் சிறிய எடையைத் திருகால் இறுக்கிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். திருகு தளர்ந்தால் பறக்கும் என்பதால், கனமான பக்கத்தில் ஆழமில்லாத துளையிட்டு எடை குறைப்பதே நல்லது. ஆரக்கால்களில் துளையிடாதீர்கள். சக்கரம் இலேசாகச் சுற்றாமல் உறுமினால் பேரிங் போய்விட்டது. மேல் சக்கரத்துக்கும் கீழ்ச் சக்கரத்துக்கும் பெரும்பாலும் சாதாரண அளவுப் பேரிங்தான்; அதன் ஓரத்தில் பொறித்த எண்ணைக் கடையில் சொன்னால் போதும்.

இழுவிசையை அளக்கும் மரச்சட்டம்

இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பழைய இயந்திரங்களில் ஸ்பிரிங் பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கும்: கால் அங்குல பிளேடுக்கு இங்கே, அரை அங்குலத்துக்கு அங்கே. முப்பது வருடம் அழுந்திக் கிடந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஆகவே அந்தக் கோடுகள் பொய் சொல்லும். விரலால் பிளேடைத் தள்ளிப் பார்ப்பதும், சுண்டி ஓசை கேட்பதும் அனுபவசாலிகளுக்குச் சரி. நமக்கு அளவு வேண்டும்.

எஃகு நீளும் அளவு நமக்குத் தெரியும். சதுர மி.மீட்டருக்கு 100 நியூட்டன் இழுவிசை கொடுத்தால், எஃகு தன் நீளத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நீளும். சாதாரணக் கார்பன் எஃகு பிளேடுக்குத் தேவையான இழுவிசையும் ஏறக்குறைய அதுவே. அப்படியானால் 400 மி.மீ. நீளமுள்ள பிளேடு சரியாக இழுபட்டிருந்தால் 0.2 மி.மீ. நீண்டிருக்கவேண்டும். டயல் கேஜ் 0.01 மி.மீ. வரை காட்டும். இதைவிட என்ன வேண்டும்?

450 மி.மீ. நீளத்தில் உலர்ந்த மரச்சட்டம் ஒன்றை இழைத்துக்கொள்ளுங்கள். மேல்முனையைச் சிறு பிடிப்பான் ஒன்றால் பிளேடில் இறுக்குங்கள். கீழ்முனையில் டயல் கேஜைப் பொருத்துங்கள். மேல் பிடிப்பிலிருந்து 400 மி.மீ. கீழே பிளேடில் இன்னொரு பிடிப்பானைப் போட்டு, கேஜின் முனை அதைத் தொட்டு நிற்கும்படி செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே இதெல்லாம். பிளேடின் தொய்வு மட்டும் போகும் அளவுக்குக் கைப்பிடியைத் திருகி, கேஜைப் பூஜ்யத்தில் வையுங்கள். பிறகு 0.2 வரும்வரை திருகுங்கள். அந்த இடத்தில் ஸ்பிரிங் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு கீறிவிட்டால், அடுத்த முறை சட்டம் தேவையில்லை. இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் சட்டத்தையும் இரண்டு பிடிப்பான்களையும் கழற்றி மேசையில் எண்ணி வையுங்கள்.

கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் 0.2 வரவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இங்கேதான் கவனம். அரை அங்குல பிளேடில், பல்லை விட்டுவிட்டுப் பார்த்தால், இழுவையைத் தாங்கும் பரப்பு 9க்கு 0.6, அதாவது 5.4 சதுர மி.மீ. அதற்கு 540 நியூட்டன். மேல் சக்கரம் பிளேடின் இரு பக்கத்தையும் தாங்குவதால் 1,080 நியூட்டன். 55 கிலோ எடையுள்ள இருவர் அந்தச் சக்கரத்தைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமம். அவ்வளவையும் தாங்குவது உள்ளங்கை அளவுள்ள ஒரு வார்ப்பு வளை. இரட்டை உலோக பிளேடு வாங்கி, அதற்கு இரு மடங்கு இழுவை வேண்டும் என்று முரட்டு ஸ்பிரிங் போட்டால், முதலில் வளைவதும் வெடிப்பதும் அந்த வார்ப்புதான். பழைய அளவுக்கு ஈடான ஸ்பிரிங்கையே போடுங்கள். அந்த வார்ப்பில் கீறல் தெரிந்தால் வெல்டிங் வைக்காமல் புதிதாக வாங்குங்கள்.

மற்ற சில்லறைப் பாகங்கள் எளிதானவை. பிளேடை இருபுறமும் தாங்கும் கைடு கட்டைகளை இரும்புக்குப் பதிலாகச் செங்கால், கருங்காலி போன்ற வன்மரத்தில் அறுத்து, எண்ணெயில் ஊறவைத்துப் போடலாம். தேய்ந்தால் ஐந்து நிமிடத்தில் வேறு செய்துகொள்ளலாம், பல் பட்டாலும் மழுங்காது. பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளின் கனம் இடைவெளி விடுங்கள். பிளேடின் முதுகைத் தாங்குவது மட்டும் பேரிங்காக இருக்கட்டும். மேசை நடுவில் உள்ள வட்டத் தகட்டைப் பிளைவுட்டிலோ அக்ரிலிக்கிலோ செய்து, பிளேடே அதில் தன் வழியை அறுத்துக்கொள்ளும்படி விடுங்கள்; சிறு துண்டுகள் உள்ளே விழுந்து சிக்குவது நின்றுவிடும். கீழ்ச் சக்கரத்தை உரசியபடி பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைத் திருகி வைத்தால் டயரில் தூள் படியாது.

வாங்கவேண்டியவை

பிளேடின் இணைப்பு, மேல் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு, ஷாஃப்ட், சுவிட்ச். என் பட்டியல் இவ்வளவுதான். கிரெப்பின் அம்மையார் வழியில் வெள்ளிப் பற்று வைத்து வீட்டிலேயே பிளேடைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். திறமைதான். ஆனால் பிளேடு விற்பவர்கள் கேட்ட நீளத்தில் இணைத்துப் பதப்படுத்தித் தரும்போது அது வீண் துணிச்சல். சுவிட்ச் என்றால், மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது தானாக ஓடத் தொடங்காத வகை. காப்பு மூடி தொலைந்திருந்தால் தகட்டில் செய்துகொள்ளலாம். மரத்துக்கு மேலே விரல் நுழையும் அளவுக்கு பிளேடு வெளியே தெரியக்கூடாது என்பதே அளவு.

மோட்டார் பற்றி இரண்டு விஷயம். துவாஸ் தொழிற்கூடத்தில் ஓடிய இயந்திரம் 400 வோல்ட் மும்முனை மோட்டாராக இருக்கக்கூடும். வீட்டில் வருவதோ 230 வோல்ட் ஒருமுனை. இரண்டுக்கும் பாலமாக இன்வெர்ட்டர் டிரைவ் இருக்கிறது, ஆனால் மோட்டாரின் உள்ளிணைப்பை டெல்டாவாக மாற்ற முடிந்தால்தான் அது உதவும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். இரண்டாவது, வேகம். 1,440 சுற்று மோட்டாரில் 80 மி.மீ. புல்லி, கீழ்ச் சக்கரத்தில் 150 மி.மீ. புல்லி என்றால் நாம் மேலே பார்த்த 768 சுற்று, 856 மீட்டர் கிடைக்கும். மரத்துக்கு நல்ல வேகம். இதிலேயே இரும்புக் குழாயும் வெட்டலாமா என்று கேட்பார்கள். மென் இரும்புக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் சுற்றுவட்டாரம் போதும். பதினான்கு மடங்கு குறைக்கவேண்டும். டிரைவால் மட்டும் அவ்வளவு குறைத்தால் மோட்டாரின் விசிறி காற்றே வீசாது, மோட்டார் கருகும்.

இரும்பை வெட்டவேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழ்மூடிக்குள் மரத்தூள் குவிந்திருக்கும். அதில் ஒரு தீப்பொறி விழுந்தால் உடனே எரியாது. மணிக்கணக்கில் உள்ளேயே கனன்று, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு பற்றும்.

தூள்தானே என்று எண்ணுபவர்களுக்குத் துவாஸிலேயே பாடம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸ் அவென்யூ 11இல் ஒரு தொழிற்கூடத்தில் நேர்ந்த வெடிப்பில் மூன்று ஊழியர்கள் உயிரிழந்தனர். மேலும் ஏழு பேர் காயமடைந்தனர். சூடேற்றிக் கலக்கும் இயந்திரம் ஒன்றின் எண்ணெய் உறை அழுத்தம் தாங்காமல் வெடித்தது. அதைத் தொடர்ந்து, அங்கிருந்த உருளைக்கிழங்கு மாவுத் தூள் காற்றில் பறந்து பற்றிக்கொண்டது. சமையலறையில் இருக்கும் மாவு! காற்றில் மிதக்கும்போது ஒவ்வொரு துகளையும் ஆக்சிஜன் சூழ்ந்துகொள்வதால் நொடியில் எரிந்துவிடுகிறது. மரத்தூளும் அப்படிப்பட்டதே. அந்த இயந்திரம் அதற்கு முன்பே பழுதுபட்டுக் கசிந்திருந்தது என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

சிறு பட்டறையில் அவ்வளவு தூள் சேராது, உண்மை. ஆனால் நுரையீரலுக்குப் போக அளவு தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பாதிக்கப்படுவது முக்கியமாக மூக்கின் உட்பகுதி. மேசைக்கு அடியில், பிளேடு வெளியேறும் இடத்திலேயே உறிஞ்சு குழாய் வையுங்கள். அதன் வாயைப் பிளைவுட்டில் நீங்களே செய்யலாம். ஒவ்வொரு நாளும் கீழ்மூடியைத் திறந்து கூட்டி அள்ளுங்கள். காற்றழுத்தக் குழாயால் ஊதாதீர்கள். ஊதினால் கீழே கிடந்த தூள் காற்றில் ஏறும்.

எல்லாம் பூட்டியாயிற்று. முதலில் பிளக் இல்லாமல் கையால் மேல் சக்கரத்தைப் பத்துச் சுற்று சுற்றி, பிளேடு நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். இரு மூடிகளையும் அடைத்து, பிளேடின் நேருக்கு நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சுவிட்சைப் போட்டு உடனே நிறுத்துங்கள். வார்ப்பிரும்புச் சக்கரம் நிற்க அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அது முழுவதும் நிற்கும்வரை கையை மேசைக்குக் கொண்டு போகாதீர்கள். இரண்டாம் முறை ஒரு நிமிடம் ஓடட்டும். பிறகு கைடுகளை பிளேடுக்கு அருகில் கொண்டுவாருங்கள். அதற்கு முன் பிளக்கை மறுபடியும் பிடுங்குங்கள். முதல் வெட்டுக்கு உலர்ந்த, ஆணியில்லாத மென்மரத் துண்டு ஒன்று போதும். பென்சில் கோட்டைவிட்டு வெட்டு ஒரே பக்கமாக ஒதுங்கினால் கைடுகளைக் குறை சொல்லாமல் பிளேடின் பல்லைப் பாருங்கள். ஒரு பக்கப் பல் மட்டும் மழுங்கியிருக்கும். அன்றைய வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு, ‘பிளேடு தளர்வாக உள்ளது’ என்று எழுதிய அட்டையைச் சுவிட்சில் மாட்டிவிட்டுப் போங்கள்.